எண்ணிக்கை உதைக்கவில்லை, சீரியல் உதைத்தது: ஒரு கிடங்கு மென்பொருள் நிகழ்வு ஆய்வு

பழுதாகித் திரும்பி வந்த நெட்வொர்க் சுவிட்ச் ஒன்றின் சீரியல் எண்ணை ஸ்கேன் செய்கிறார்கள். "இந்த எண்ணில் பொருள் எதுவும் இல்லை" என்கிறது மென்பொருள். வாடிக்கையாளரிடம் பில் இருக்கிறது, அனுப்புச் சீட்டு இருக்கிறது. கணக்கில் மட்டும் அந்த சுவிட்ச் உள்ளே வந்ததாகவும் இல்லை, வெளியே போனதாகவும் இல்லை. வாரண்டியில் மாற்றிக் கொடுக்க வேண்டியவர் எதை நம்பிக் கொடுப்பார்?

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கிடங்கு நெட்வொர்க் கருவிகளைக் கையாள்வது. சுவிட்ச், ரௌட்டர், வயர்லெஸ் கருவிகள், அவற்றுக்கான பவர் சப்ளை, யுபிஎஸ் பேட்டரி என எல்லாமே தயாரிப்பாளரின் சீரியல் எண்ணோடு வருபவை. எல்லாவற்றுக்கும் வாரண்டி உண்டு. மென்பொருளில் சீரியல் கண்காணிப்பு தொடக்கத்திலிருந்தே இயங்கிக்கொண்டிருந்தது. ஆகவே, சீரியலைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டார்கள் என்று சொல்லி இந்தச் சிக்கலை முடித்துவிட முடியாது. பதிவு செய்தார்கள், அக்கறையாகவே செய்தார்கள். பதிவானதுதான் தவறு.

புகார்கள் மூன்று வகையாக வந்தன. முதல் வகை மேலே சொன்னது. இரண்டாவது, அனுப்பும் மேசையில் எழுந்தது: கையில் இருக்கும் புதுப் பெட்டியை ஸ்கேன் செய்தால் "இது ஏற்கெனவே வெளியே போய்விட்டது" என்று திரை சிவக்கும். மூன்றாவது, ரேக்குகளுக்கு நடுவே: இன்ன சீரியல் இன்ன அடுக்கில் இருக்கிறது என்று மென்பொருள் சொல்லும், போய்த் துழாவினால் அதே மாடலில் வேறு பெட்டிகள்தான் கிடைக்கும். மூன்றும் தனித்தனிச் சிக்கல்களாகவே பார்க்கப்பட்டன. ரிட்டர்ன் மேசைக்காரர்கள் அனுப்புகைக் குழுவைச் சந்தேகித்தார்கள், அனுப்புகைக் குழு பிக்கர்களை (ரேக்கிலிருந்து பெட்டியை எடுத்து வருபவர்களை), பிக்கர்கள் மென்பொருளை. சரக்கு உள்ளே வரும் வாசலை யாரும் சந்தேகிக்கவில்லை. அங்கே எல்லா வரவுச் சீட்டும் பச்சையாக முடிந்திருந்தது.

எண்ணிக்கைக்குத் தெரியாத தவறு

இத்தனை குழப்பத்துக்கு நடுவிலும் இருப்புச் சரிபார்ப்பில் கணக்கு உதைக்கவில்லை என்பதுதான் இந்த நிகழ்வில் கவனிக்க வேண்டிய முதல் விஷயம். ரேக்கில் 40 சுவிட்ச் என்றால் கணினியிலும் 40. மேலாளர்கள் அந்த அறிக்கையை நம்பினார்கள். அறிக்கை சொன்னதும் உண்மைதான்.

சீரியல் கண்காணிக்கும் மென்பொருளுக்குள் இரண்டு பேரேடுகள் ஓடுகின்றன. ஒன்று எத்தனை இருக்கிறது என்பதற்கு. மற்றது எவை எவை இருக்கின்றன என்பதற்கு. 40 பெட்டிகள் வந்து 40 எண்கள் பதிவானால் முதல் பேரேட்டின் வேலை முடிந்தது. அந்த 40 எண்களும் அந்தப் பெட்டிகளுக்கு உரியவைதானா என்று அது கேட்காது. ஒரு சுவிட்சுக்குப் பதிலாக அதே மாடலில் இன்னொன்று வெளியே போனால் எண்ணிக்கை அசையாது. இரண்டு சீரியல்கள் மட்டும் இடம் மாறி நிற்கும். பேட்ச் எண்ணில் இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக வராது. பேட்ச் ஒரு கூட்டத்துக்கு இட்ட பெயர். பக்கத்துப் பெட்டியை எடுத்தாலும் அநேகமாக அதே பேட்சாக இருக்கும். சீரியல் ஒற்றைப் பொருளுக்கு இட்ட பெயர் என்பதால், மாற்றி எடுத்தாலே பிழைதான்.

சீரியல் தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ளவும் முடியாது. கடைப் பொருள்களில் இருக்கும் ஈஏஎன்-13 பார்கோடின் 13ஆவது இலக்கம் சோதனை இலக்கம், மற்ற இலக்கங்களிலிருந்து கணக்கிட்டு வருவது. கைபேசியின் 15 இலக்க ஐஎம்இஐ எண்ணில் கடைசி இலக்கமும் அப்படியே. ஓர் இலக்கம் பிசகினாலும் கணக்கு ஒத்துவராது, மென்பொருள் அந்த இடத்திலேயே மறுத்துவிடும். தயாரிப்பாளர்கள் கருவிகளுக்கு இடும் சாதாரண சீரியல் எண்களில் பெரும்பாலும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. எழுத்தும் இலக்கமும் கலந்த எதைக் கொடுத்தாலும் மென்பொருளின் கண்ணுக்கு அது சீரியல் போலவே இருக்கும். அதனால்தான் உள்வரவு மேசையில் நுழைந்த பிழை, மாதக்கணக்கில் ரேக்கில் அமைதியாக இருந்து, வாடிக்கையாளரிடம் போய், பழுதாகித் திரும்பும்போது முதன்முறையாக வாயைத் திறக்கிறது.

பெட்டியின் பக்கவாட்டில் நான்கு பார்கோடு

ஒரு சுவிட்ச் பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்தபோது காரணத்தின் முதல் பாதி புரிந்தது. பக்கவாட்டு லேபிளில் ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு பார்கோடுகள். மேலே ஈஏஎன் எண், அடுத்து தயாரிப்பாளரின் மாடல் எண், அதற்குக் கீழே சீரியல், கடைசியில் மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கருவியை அடையாளம் காட்டும் எண். நான்குக்கும் இடையில் விரற்கடை இடைவெளிகூட இல்லை. ஸ்கேனரின் கதிர் எதில் முதலில் விழுகிறதோ அதுதான் பதிவாகும்.

சீரியல் பார்கோடின் அடியில் மனிதர் படிப்பதற்காக அச்சிட்டிருந்தது 40718093562 என்ற 11 இலக்க எண். அதே பார்கோடை ஸ்கேன் செய்தால் திரையில் விழுந்தது "எஸ்40718093562". முன்னால் இருக்கும் அந்த ஆங்கில எழுத்து அச்சுப்பிழை கிடையாது. தொழில்துறை லேபிள்களில் ஒவ்வொரு பார்கோடும் தன்னுள் இருப்பது என்ன தரவு என்று சொல்லும் அடையாள எழுத்தோடு தொடங்கும் தரமுறை ஒன்று உண்டு. சீரியலுக்கு எஸ், பொருள் எண்ணுக்கு பி, அளவுக்கு கியூ. வாசிக்கும் மென்பொருள் அந்த எழுத்தைப் பார்த்து எந்தப் புலத்தில் போடுவது என்று தெரிந்துகொண்டு, எழுத்தைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் சேமிக்க வேண்டும். இங்கே மென்பொருள் விழுந்ததை அப்படியே சேமித்தது.

பெட்டிக்குள் இருக்கும் சுவிட்சின் அடியில் ஒட்டிய சிறு தகட்டில் அந்த எஸ் கிடையாது. அங்குள்ள கியூஆர் வெறும் 40718093562 என்றுதான் சொல்லும். புதுப் பொருள் பெட்டியோடு வந்து பெட்டியோடு போவதால், உள்ளேயும் வெளியேயும் ஒரே லேபிள்தான் ஸ்கேன் ஆகும். எஸ் இரண்டு பக்கமும் இருப்பதால் ஒத்துப்போய்விடும். பழுதான பொருள் பெட்டி இல்லாமல் திரும்புகிறது. தகட்டை ஸ்கேன் செய்கிறார்கள். பொருள் இல்லை என்கிறது மென்பொருள். முதல் வகைப் புகார்களில் பெரும்பகுதி இதுதான்.

இதற்குள் இன்னொரு முடிச்சும் இருந்தது. யாரோ நல்ல எண்ணத்தில், சுவிட்சுகளின் சீரியல் புலத்துக்கு "சரியாக 12 எழுத்து" என்று நீள விதி போட்டு வைத்திருந்தார்கள். திரையில் விழுந்ததை எண்ணிப் போட்ட விதி அது. எஸ் சேர்ந்தால் 12 வருகிறது, தேறிவிடும். மேக் முகவரியும் 48 பிட், அதாவது பதினாறடிமானத்தில் 12 இலக்கம். ஆகவே கதிர் சற்றுக் கீழே இறங்கி சீரியலுக்குப் பதில் மேக் முகவரி பதிவானாலும் விதி வாயைத் திறக்கவில்லை. சரியான 11 இலக்க எண்ணைப் பார்த்துக் கையால் அடித்தவரை மட்டுமே அது தடுத்து நிறுத்தியது.

எஸ் வந்தால் எல்லா இடத்திலும் வெட்டிவிடலாமே என்று தோன்றும். கூடாது. வயர்லெஸ் கருவித் தயாரிப்பாளர் ஒருவரின் சீரியல் எண்களே அந்த எழுத்தில்தான் தொடங்கின. அங்கே வெட்டினால் நல்ல எண் ஊனமாகிவிடும். எனவே ஒவ்வொரு மாடலுக்கும் தனி வடிவ விதி எழுதப்பட்டது: மொத்தம் எத்தனை எழுத்து, எந்த இடத்தில் எழுத்து, எந்த இடத்தில் இலக்கம், எந்த முன்னொட்டைக் கழிக்க வேண்டும். பெட்டியைப் பார்த்து இந்த விதியை எழுதக் கூடாது, கருவியின் தகட்டைப் பார்த்தே எழுத வேண்டும் என்பது இந்த ஆய்வில் எனக்கு உறுதியான கருத்து. பெட்டி குப்பைக்குப் போய்விடும். கருவியின் ஆயுள் முழுக்கக் கூடவே இருப்பது தகடு.

மேக் முகவரிக்கும் ஒரு தடுப்பு வைத்தார்கள். அதன் முதல் 6 இலக்கங்கள் ஐஇஇஇ என்ற தரநிர்ணய அமைப்பு தயாரிப்பாளர்களுக்கு ஒதுக்கும் முன்னொட்டு. கிடங்கில் உள்ள தயாரிப்பாளர்களின் முன்னொட்டுகளைப் பட்டியலிட்டு, அப்படி ஒன்று சீரியல் புலத்தில் விழுந்தால் "இது மேக் முகவரி, அதற்கு மேலே உள்ள கோட்டை ஸ்கேன் செய்யவும்" என்று சொல்ல வைத்தார்கள். செய்தியின் இரண்டாவது பாதிதான் உயிர். "தவறான உள்ளீடு" என்று மட்டும் சொன்னால், அவசரத்தில் இருப்பவர் ஸ்கேனரைக் கீழே வைத்துவிட்டு விரலால் அடிக்கத் தொடங்கிவிடுவார். விரல் வந்தால் சுழியமும் ஆங்கில ஓவும் குழம்பும், ஒன்றும் ஐயும் குழம்பும். வாகனங்களின் 17 எழுத்து அடையாள எண்ணில் ஐ, ஓ, கியூ ஆகிய மூன்றையும் விலக்கி வைத்திருப்பது இந்தக் குழப்பத்துக்காகத்தான்.

பேட்டரிகளில் கோளாறு இன்னும் நுட்பமானது. அவற்றின் பெட்டியில் இருந்தது ஜிஎஸ்1 என்ற சர்வதேச பார்கோடு அமைப்பின் தரத்தில் அமைந்த ஒற்றைச் சதுரக் குறி. அதற்குள் பொருள் எண், சீரியல், பேட்ச் எல்லாம் வரிசையாக அடங்கியிருக்கும். 01 என்று தொடங்கினால் அடுத்த 14 இலக்கம் பொருள் எண். அதன் நீளம் நிலையானது. 21 என்றால் சீரியல், 10 என்றால் பேட்ச். இவை இரண்டும் 20 எழுத்துவரை எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். ஆகவே ஒன்று எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்ட நடுவில் கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்று வரும். எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் ஆஸ்கி அட்டவணையில் அதன் எண் 29. இந்தக் கிடங்கின் ஸ்கேனர்கள் விசைப்பலகை போல நடந்துகொள்ளும் வகை. விசைப்பலகையில் அப்படி ஒரு விசை கிடையாது என்பதால், வரும் வழியிலேயே குறி உதிர்ந்துவிட்டது. சீரியல் 77315, பேட்ச் 208 என்று இருந்தால் மென்பொருளுக்குக் கிடைத்தது 2177315 என்பதோடு ஒட்டிய 10208. அது 21ஐக் கழித்துவிட்டு, 7731510208 என்று முழுவதையும் சீரியலாகச் சேமித்தது. ஸ்கேனரின் அமைப்பில் அந்தக் குறிக்குப் பதிலாக அச்சிடக்கூடிய வேறு குறி ஒன்றை அனுப்பச் சொல்லி, அதை மென்பொருளுக்கும் கற்றுக்கொடுத்ததும் தீர்ந்தது. பழுதைக் கண்டுபிடிக்கத்தான் பாடு. சரிசெய்ய அதிக நேரம் பிடிக்கவில்லை.

எக்செல் விழுங்கிய கடைசி இலக்கம்

பவர் சப்ளைகளின் சீரியல் 16 இலக்கம், எழுத்தே கிடையாது. ஒரு பெரிய பெட்டிக்குள் பத்து யூனிட் இருக்கும். எல்லாவற்றையும் பிரித்து ஸ்கேன் செய்ய நேரம் பிடிக்கும் என்பதால், சப்ளையர் முன்கூட்டியே எக்செல் பட்டியல் அனுப்புவார்; உள்வரவு மேசையில் அதை மென்பொருளில் ஏற்றிவிடுவார்கள். பல கிடங்குகளில் உள்ள ஏற்பாடுதான், ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் எக்செல் ஓர் எண்ணை எண்ணாகவே எடுத்துக்கொண்டால் அதன் துல்லியம் 15 இலக்கம் வரைதான். 16ஆவது இலக்கம் சுழியமாகிவிடும். 4100235500718231 முதல் 4100235500718239 வரையிலான ஒன்பது யூனிட்டுகளும் எக்செலுக்குள் நுழைந்ததும் 4100235500718230 என்ற ஒரே எண்ணாகிவிடுகின்றன. சுழியத்தில் தொடங்கும் எண்களுக்கு முன்னிருக்கும் சுழியங்கள் பறிபோகும். சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரை) கோப்பாக அனுப்பச் சொல்வது மட்டும் இதற்கு மருந்தாகாது. கோப்புக்குள் எண் முழுதாக இருக்கும். யாராவது அதை எக்செலில் திறந்து பார்த்துவிட்டு ஒருமுறை சேமித்தால் போதும், போய்விடும்.

மென்பொருள் முதல் யூனிட்டை ஏற்றது. இரண்டாவதிலிருந்து "இந்த சீரியல் ஏற்கெனவே இருப்பில் உள்ளது" என்று மறுத்தது. மிகச் சரியான மறுப்பு. ஆனால் வாசலில் லாரி நிற்கிறது, பின்னால் அடுத்த சரக்கு காத்திருக்கிறது, எண்ணிக்கை முழுதாக ஏறினால்தான் வரவுச் சீட்டை முடிக்க முடியும். மேசையில் இருந்தவர் ஒவ்வொரு எண்ணின் கடைசியிலும் ஒரு சிறு கோடும் 1, 2, 3 என்று வரிசையும் சேர்த்தார். 4100235500718230-1, 4100235500718230-2. எல்லாம் பச்சையாகிவிட்டது. அதற்குப் பிறகு அதுவே அந்த மேசையின் வழக்கமானது. புதிதாக வேலைக்கு வந்தவர்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மென்பொருள் அவர்களுக்குத் திறந்து வைத்திருந்த கதவு அது ஒன்றுதான். எண்ணிக்கையை ஏற்றுக்கொண்டு, "சீரியல் சரிபார்ப்பில் உள்ளது" என்ற நிலையில் பெட்டிகளைத் தனி இடத்தில் நிறுத்தி வைக்கும் வசதி இருந்திருந்தால் யாரும் பொய் எண் உருவாக்கியிருக்க மாட்டார்கள். இப்போது அந்த நிலை சேர்க்கப்பட்டிருக்கிறது. அதில் உள்ள பெட்டி இருப்பில் எண்ணப்படும், ஆனால் பிக்கிங்குக்குக் கிடைக்காது. பட்டியல் ஏற்றும்போது சீரியல் நெடுவரிசையை உரையாக மட்டுமே படிக்கிறது. பட்டியல் முழுவதும் சுழியத்தில் முடிந்தால் எச்சரிக்கிறது. ஏற்றிய பிறகு, பெட்டிகளில் இரண்டொரு யூனிட்டை நேரில் ஸ்கேன் செய்து பட்டியலோடு ஒப்பிட்டால்தான் சீட்டு முடியும். இந்தக் கடைசி விதியை மற்ற எதையும்விட முக்கியமானதாகக் கருதுகிறேன். சப்ளையர் அனுப்பும் பட்டியல், பெட்டிக்குள் இன்னது இருக்கிறது என்று அவர் சொல்லும் சொல் மட்டும்தான். பெட்டியை ஒருமுறையாவது பார்த்த பிறகே அதை நம் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இரண்டு வாசல், இரண்டு விதி

அனுப்பும் மேசையில் எழுந்த "ஏற்கெனவே வெளியே போய்விட்டது" என்ற புகாருக்கு மூலம் தரவுத்தள வடிவமைப்பில் இருந்தது. உள்வரவில் மென்பொருள் சீரியலை இருப்பில் உள்ளவற்றோடு மட்டும் ஒப்பிட்டது. அனுப்புகையில் இதுவரை வெளியே போன அத்தனையோடும் ஒப்பிட்டது. இரண்டு இடத்திலும் ஒப்பீடு சீரியல் எண்ணை மட்டும் வைத்துத்தான். எந்தப் பொருளின் சீரியல் என்று அது பார்க்கவில்லை.

விளைவு இரண்டு. பழுதில்லாமல் திரும்பி வந்து மீண்டும் ரேக்கில் ஏறிய நல்ல பொருள் இரண்டாம் முறை வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்டது. அதோடு, எப்போதோ வெளியே போன ஒரு பேட்டரியின் எண்ணும் இப்போது கையில் இருக்கும் ரௌட்டரின் எண்ணும் தற்செயலாக ஒன்றாக இருந்தால் ரௌட்டர் நின்றுபோனது. தயாரிப்பாளர் தன் எண்களுக்குள் குழப்பம் வராமல் பார்த்துக்கொள்வார். அடுத்தவர் இடும் எண்ணுக்கு அவர் பொறுப்பாக முடியாது. ஜிஎஸ்1 முறையிலும் சீரியல் தனித்து நிற்பதில்லை, பொருள் எண்ணோடு சேர்ந்தால்தான் அது உலகில் ஒரே ஒரு பொருளைச் சுட்டும். இங்கேயும் பொருள் குறியீடும் சீரியலும் சேர்ந்த இணையே தனித்துவமானது என்று மாற்றினார்கள். புதுப்பிக்கப்பட்ட கருவி வேறு குறியீட்டில் மீண்டும் உள்ளே வரும் வாய்ப்பு இருந்ததால், ஒரே தயாரிப்பாளரின் கீழ் ஒரே எண் இரண்டு குறியீடுகளில் தென்பட்டால் மறுக்காமல் எச்சரிக்கும்படி வைத்தார்கள்.

இந்தக் கட்டுப்பாடு தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். திரையில் மட்டும் சரிபார்த்தால், இரண்டு பேர் ஒரே நொடியில் ஒரே எண்ணை அனுப்பும்போது இருவருக்கும் "இல்லை, சேர்க்கலாம்" என்ற பதில் கிடைத்துவிடும். ரேக்குகளுக்கு நடுவில் வைஃபை கிடைக்காத மூலைகளும் உண்டு. அங்கே கைக்கருவி ஸ்கேனைச் சேமித்து வைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும். பதில் வரத் தாமதமானால் திரும்பவும் அனுப்பும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கைக்கருவியே ஒரு தனி அடையாளம் கொடுத்து, அதே அடையாளம் மறுபடி வந்தால் சர்வர் புறக்கணிக்கும்படி செய்ததும் இரட்டைப் பதிவுகள் நின்றன.

பழைய வடிவமைப்பில் ஒரு சீரியலுக்கு ஒரே வரி. பொருள் நகரும்போதெல்லாம் அந்த வரியின் மேலேயே அடுத்த இடத்தை எழுதிவிடுவார்கள். கடைசியாக எங்கே இருந்தது என்பது தெரியும், எப்படி அங்கே போனது என்பது தெரியாது. இப்போது பொருளுக்கு ஒரு வரி, அதன் ஒவ்வொரு நகர்வுக்கும் தனி வரி. எழுதிய நகர்வை யாரும் திருத்த முடியாது; தவறென்றால் அதை மாற்றும் எதிர்ப்பதிவு ஒன்றைப் போட வேண்டும். தற்போதைய நிலை கடைசி நகர்விலிருந்து கிடைக்கிறது. வெளியே போனது நேராக இருப்புக்கு வர முடியாது, பரிசோதனை என்ற நிலையைத் தாண்டித்தான் வர வேண்டும்.

காகிதத்தை ஸ்கேன் செய்த பிக்கர்கள்

மூன்றாவது புகாருக்கு, அதாவது சொன்ன இடத்தில் சொன்ன பெட்டி இல்லை என்பதற்கு, விடை பிக்கிங் தாளில் கிடைத்தது. ஆர்டர் பதிவானதுமே மென்பொருள் குறிப்பிட்ட சீரியலை அதற்கு ஒதுக்கிவிடும். பிக்கர் கையில் இருக்கும் தாளில் அந்த எண் அச்சாகியிருக்கும். ஒரே மாதிரியான இருபது பெட்டிகள் அடுக்கியிருக்கும் தட்டில் அந்த ஒன்றைத் தேட வேண்டும். அது அடியிலும் இருக்கலாம், பின்வரிசையிலும் இருக்கலாம். தாளில் எண்ணின் பக்கத்திலேயே அதன் பார்கோடும் இருந்தது. பிக்கர்கள் கைக்கு எட்டிய பெட்டியை எடுத்தார்கள், தாளில் இருந்த பார்கோடை ஸ்கேன் செய்தார்கள். மென்பொருள் கேட்டது கிடைத்துவிட்டது.

இப்படி ஒவ்வொரு முறை நடக்கும்போதும் இரண்டு சீரியல்கள் இடம் மாறும். போனதாகச் சொல்லப்பட்டது ரேக்கில் இருக்கும், ரேக்கில் இருப்பதாகச் சொல்லப்பட்டது வாடிக்கையாளரிடம் இருக்கும். பிறகு ரேக்கில் இருப்பதை உண்மையாகவே ஸ்கேன் செய்து அனுப்ப முயன்றால் "ஏற்கெனவே போய்விட்டது" என்று திரை மறுக்கும். இரண்டாவது புகாரின் இன்னொரு கிளை இது.

முதலில் யோசித்தது ஒழுங்கு நடவடிக்கை. அது நடக்காமல் போனது நல்லதே, ஏனென்றால் கோளாறு அந்த ஒதுக்கீட்டிலேயே இருந்தது. எந்த சுவிட்ச் போனாலும் வாடிக்கையாளருக்கு ஒன்றுதான். எது போனது என்று தெரிந்தால் போதும். எந்த மாடல், எந்த அடுக்கு, எத்தனை என்பதோடு மென்பொருள் நின்றுகொள்ள வேண்டும். எந்த சீரியல் என்பதைப் பெட்டியை எடுப்பவர் மென்பொருளுக்குச் சொல்லட்டும். தாளிலிருந்து சீரியலும் அதன் பார்கோடும் நீக்கப்பட்டன. வாடிக்கையாளருக்கென்று முன்பே அமைப்புகளை ஏற்றி வைத்த ரௌட்டர்கள், புதுப்பிக்கப்பட்ட கருவிகள் ஆகியவற்றுக்கு மட்டும் முன் ஒதுக்கீடு தொடர்கிறது. அவற்றுக்கு ரேக்கில் தனித் தட்டும் கொடுத்துவிட்டார்கள். சீரியலை முன்கூட்டியே ஒதுக்கும் வசதி மென்பொருளில் இருக்கிறது என்பதற்காக அதை இயக்கி வைக்கும் கிடங்குகளை நிறையவே பார்க்கலாம். பெரும்பாலானவற்றுக்கு அது தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

பெட்டிக்குள் பெட்டி விஷயத்தில் மருந்துத் துறையிடம் கடன் வாங்கினார்கள். அமெரிக்காவில் 2013 நவம்பரில் வந்த மருந்து விநியோகச் சங்கிலிச் சட்டமும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 பிப்ரவரி 9 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளும் மருந்துப் பொதிகளுக்குத் தனித்தனி சீரியலைக் கட்டாயமாக்கின. அந்த அளவில் ஒவ்வொரு பொதியையும் ஒவ்வொரு வாசலிலும் ஸ்கேன் செய்வது நடக்காத காரியம். ஆகவே எந்தப் பெட்டிக்குள் எந்தப் பொதிகள் என்ற உறவைப் பதிந்துவைத்து, வெளிப்பெட்டியின் எண்ணை மட்டும் ஸ்கேன் செய்கிறார்கள். இங்கே பவர் சப்ளைகளுக்கு அதுவே எடுக்கப்பட்டது. வெளிப்பெட்டிக்கு எஸ்எஸ்சிசி என்ற 18 இலக்க எண். ஆனால் முத்திரை உடைந்ததும் அந்த உறவு செல்லாது. ஒரு யூனிட் தேவைப்பட்டுப் பெட்டியைத் திறந்தால் "பெட்டி திறந்தது" என்று பதிய வேண்டும். அந்த நொடியிலிருந்து உள்ளே மிச்சமிருப்பவை தனித்தனிப் பொருள்கள்.

துப்புரவு

விதிகளை மாற்றியது சுலபம். ஏற்கெனவே உள்ளே இருந்த தவறான எண்களை என்ன செய்வது? கிடங்கு மூடியிருந்த நேரத்தில் முழு சீரியல் சரிபார்ப்பு நடந்தது. எண்ணுபவர்களின் திரையில் எதிர்பார்க்கும் பட்டியல் காட்டப்படவில்லை. காட்டினால் கண் அதையே தேடும். கிடைத்ததை ஸ்கேன் செய்துகொண்டே போனார்கள். கணினியில் இருந்தும் ரேக்கில் இல்லாதவை ஒரு பட்டியல், ரேக்கில் இருந்தும் கணினியில் இல்லாதவை இன்னொரு பட்டியல். இரண்டையும் அருகருகே வைத்து, காரணம் தெரிந்த பிழைகளை வைத்து ஜோடி சேர்த்தார்கள். எஸ் நீக்கினால் பொருந்துபவை, பேட்ச் ஒட்டிக்கொண்டவை, மேக் முகவரியாகப் பதிவானவை என்று ஒவ்வொரு காரணமும் தனக்குரிய ஜோடிகளைத் தானே காட்டிக்கொடுத்தது.

தவறான எண்களை அழிக்கவில்லை. பழைய எண் சரியான எண்ணைச் சுட்டும்படி ஒரு மாற்றுப்பெயர் அட்டவணை உருவாக்கினார்கள். பழைய பில்களிலும் அனுப்புச் சீட்டுகளிலும் அந்தத் தவறான எண்தான் அச்சாகியிருக்கிறது. வாடிக்கையாளர் அதைச் சொல்லித்தான் கேட்பார். இனி எதைச் சொல்லித் தேடினாலும் ஒரே பொருள்தான் வரும்.

பவர் சப்ளைகளில் ஏற்கெனவே வெளியே போனவற்றை இப்படி மீட்க முடியவில்லை. 4100235500718230-3 என்று போனது உண்மையில் ஒன்பதில் எது என்று எந்தக் கணக்கும் சொல்லாது. சப்ளையரிடம் மூலப் பட்டியலைக் கேட்டு வாங்கி, அந்தச் சரக்கில் வந்த சரியான எண்களைத் தொகுப்பாக ஏற்றி, "யாருக்குப் போனது என்று உறுதியாகாதது" என்ற நிலையில் வைத்தார்கள். அவற்றில் ஒன்று வாரண்டிக்குத் திரும்பினால், நம்மிடமிருந்து போன தொகுப்பைச் சேர்ந்ததுதான் என்பதாவது தெரியும். அப்போது எண் உறுதியாகி, நிலை மாறும்.

துப்புரவுக்குப் பின் வாராந்தர அறிக்கையும் மாறியது. இருப்பு எண்ணிக்கை ஒத்துப்போகிறதா என்ற வரி அப்படியே இருக்கிறது. அதற்கு மேலே மூன்று வரிகள் சேர்ந்தன: ஸ்கேன் ஆகாமல் கையால் அடித்த சீரியல்கள் எத்தனை, அடுக்குவாரியாக எண்ணிக்கைப் பேரேடும் சீரியல் பேரேடும் எங்கே பிரிகின்றன, திரும்பி வந்தவற்றில் அடையாளம் தெரியாதவை எத்தனை. இவற்றில் முதல் வரிதான் முன்கூட்டியே சொல்லக்கூடியது. ஒரு மாடலில் திடீரென்று கையால் அடிப்பது கூடினால், தயாரிப்பாளர் லேபிளை மாற்றிவிட்டார் என்று பொருள் கொள்ளலாம். அந்த மாடலின் வடிவ விதியை உடனே எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் இன்னும் திறந்தே இருக்கிறது. பழுது நீக்கும் இடத்தில் சில கருவிகளுக்கு உள்ளே இருக்கும் பலகையையே மாற்றிவிடுகிறார்கள். அதன்பின் கருவியை இயக்கிக் கேட்டால் அது சொல்லும் சீரியல் ஒன்று, அடியில் இருக்கும் தகட்டில் உள்ளது வேறொன்று. கிடங்கைப் பொறுத்தவரை தகடே அதிகாரம் என்று முடிவாகி, உள்பலகையின் எண்ணுக்குத் தனிப் புலம் சேர்த்திருக்கிறார்கள். பல செருகு பலகைகள் கொண்ட பெரிய சுவிட்சுகளில் ஒவ்வொரு பலகைக்கும் சொந்த சீரியல் உண்டு, அவை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறவும் செய்யும். அவற்றை வெளிப்பெட்டி உறவு போலவே பதிவதா, தனிப் பொருள்களாகவே நடத்துவதா என்பது அடுத்த கட்ட வேலையில் முதல் வரியாக எழுதி வைக்கப்பட்டுள்ளது.